போன் பறிபோனால் பொலிசுக்குப் போகலாமோ? ஈஸ்ட்ஹாம் தம்பிக்குப் பதில்

தம்பி, படிக்க வந்து மூண்டு மாசம், ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில சைக்கிள்ல வந்தவன் போனைப் பறிச்சுக்கொண்டு போட்டான், அறையில இருக்கிற பெடியள் "பொலிசுக்குப் போகாத, விசாவில கை வைப்பாங்கள்" எண்டு சொல்லுறாங்கள், லண்டன் பொலிஸ் எப்பிடியான ஆக்கள், எங்க போய்ச் சொல்லுறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். போங்கோ, கட்டாயம் போங்கோ. ஒழுங்கான விசாவில இருக்கிற ஆள் போனைக் களவு குடுத்திட்டன் எண்டு முறைப்பாடு செய்யிறதால விசாவுக்கு ஒண்டும் ஆகாது. விசா இல்லாமல் இருக்கிறவையின்ர கதை வேற, அவையின்ர விபரம் குடிவரவுக்குப் போக இடமிருக்கு, அதால அவை முதல்ல ஒரு சொலிசிட்டரோட கதைச்சிட்டுப் போறதுதான் நல்லது.

உங்கட பயம் எனக்கு நல்லா விளங்கும். நான் 1998ல வந்தனான், ஊரில காக்கியைக் கண்டாலே கை தன்பாட்டில அடையாள அட்டையைத் தேடும், அந்தப் பழக்கம் பிளேன் ஏறினதோட போகேல்லை. 2003ல வெம்பிளியில நாங்கள் இருந்த வீட்டில கள்ளர் பூந்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகேலாது எண்டு அலுமாரியில வைச்ச என்ர தாலிக்கொடியைக் கொண்டு போட்டாங்கள். ரெண்டு நாள் அழுதுகொண்டு இருந்தனே தவிர பொலிசுக்குச் சொல்லேல்லை, பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாதான் பேசிப்போட்டுக் கோல் பண்ணினவ. ஒரு பொம்பிளைப் பொலிஸ் வந்தா, தொப்பியைக் கழட்டி மடியில வைச்சுக்கொண்டு, தாலி எண்டுறதை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதினா, பிறகு கல்யாண அல்பம் இருக்கோ எண்டு கேட்டு, கொடி வடிவாத் தெரியிற படம் ஒண்டை எடுத்துக்கொண்டு போனா. நகை கிடைக்கேல்லை. ஆனால் அவ தந்த கிரைம் ரெஃபரன்ஸ் நம்பர், அதுதான் முறைப்பாட்டின்ர பதிவு நம்பர், இருந்தபடியால்தான் இன்சூரன்ஸ் காசு வந்தது. அதுக்குப் பிறகுதான் நான் இந்தப் பொலிசைப் பற்றி வாசிக்கத் தொடங்கினனான்.

இஞ்சத்தைப் பொலிசுக்கு மெற்றோபொலிட்டன் பொலிஸ் எண்டு பேர், சுருக்கமா மெற். 1829ல உள்துறை அமைச்சரா இருந்த ரொபேட் பீல் சட்டம் கொண்டுவந்து, அந்த வருசம் செப்டெம்பர் 29ந் தேதி முதல் ஆக்கள் றோட்டில இறங்கினவை. பீலின்ர முதல் பேர் ரொபேட், அதைச் செல்லமாச் சொன்னால் பொபி, அதால்தான் பொலிஸ்காரருக்குப் பொபி எண்டு பேர் வந்தது. முதல் கொமிஷனர் ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர், சார்ள்ஸ் ரோவன் எண்ட பழைய ஆமிக்காரரும் ரிச்சர்ட் மேய்ன் எண்ட வழக்கறிஞரும். அவையின்ர ஒபிஸ் 4 வைட்ஹோல் பிளேஸ், பின்வாசல் கிரேட் ஸ்கொட்லாண்ட் யார்ட் பக்கம் இருந்தது, சனம் அந்த வாசலைச் சொல்லித்தான் கூப்பிட்டது, தலைமையகம் பிறகு எங்கயெல்லாமோ மாறியும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திட்டுது.

சனத்துக்கு அந்த நேரம் பொலிஸ் எண்டாலே பிடிக்காது, எங்களை உளவு பாக்கவோ ஆமியைக் கொண்டு வந்து விட்டிருக்கிறாங்கள் எண்டு கோபம். அதால்தான் ஆமியின்ர சிவப்புச் சட்டை இல்லாமல் நீல உடுப்புக் குடுத்தவை, கையில ஒரு தடி, ஆக்களைக் கூப்பிட ஒரு கிலுக்கி. 1833ல கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் எண்ட இடத்தில நடந்த கலவரத்தில ரொபேட் கலி எண்ட கொன்ஸ்டபிளைக் குத்திக் கொலை செய்துபோட்டினம், விசாரிச்ச ஜூரி "நியாயமான கொலை" எண்டு தீர்ப்புச் சொன்னது. பாருங்கோ, வெள்ளைக்காரச் சனமே தன்ர பொலிசை அவ்வளவுக்கு வெறுத்தது. அந்த வெறுப்பைக் கடக்கத்தான் சனத்தின்ர சம்மதத்தோட பொலிஸ் வேலை எண்ட கொள்கையை இவை பிடிச்சுக்கொண்டவை, இண்டைக்கும் றோட்டில நீங்கள் காணுற பெரும்பாலான பொலிசிட்டத் துவக்கு இருக்காது.

இதில எனக்கு நெஞ்சில தைக்கிற விசயம் ஒண்டு இருக்கு. லண்டனுக்கு இப்பிடி ஒரு பொலிசைச் செய்தவங்கள், ஆண்ட நாடுகளுக்கு அயர்லாந்தில நடத்தின மாதிரியான, துவக்குத் தூக்கி பராக்ஸில இருக்கிற பொலிசைத்தான் குடுத்தவங்கள். கம்பெல் எண்ட வெள்ளைக்கார அதிகாரி 1866ல இலங்கைப் பொலிசைப் பொறுப்பெடுத்த காலமும் அதுதான். எங்கட பயத்துக்கு ஒரு வேர் அங்க கிடக்கு.

சரி, இப்ப ஆர் கீழ ஆர் எண்டு பாப்பம். மெற்றுக்குத் தலை கொமிஷனர், உள்துறை அமைச்சர் சொல்ல அரசர் நியமிக்கிறது, ஆனால் லண்டன் மேயரின்ர கருத்தையும் கேக்க வேணும். 2000 வரைக்கும் நேரா உள்துறைதான் பாத்தது, இப்ப மேயரின்ர ஒபிஸ் மேற்பார்வை. பரோ எண்டுறது லண்டனின்ர உள்ளூராட்சிப் பகுதி, அந்த 32 பரோவையும் 12 பிரிவாப் பிரிச்சு வைச்சிருக்கினம். ஈஸ்ட்ஹாம் நியூஹாமுக்குள்ள வரும், நியூஹாமும் வோல்தம் ஃபொரஸ்டும் ஒரு பிரிவு. எங்கட வெம்பிளி, ஹரோ பக்கம் வேற பிரிவு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எண்டு ஒரு சின்னக் குழு இருக்கு, அதில பிசிஎஸ்ஓ எண்டு நீலப் பட்டி போட்ட தொப்பியோட நடந்து திரியிறவையோட கதைச்சுப் பழகி வையுங்கோ, அவைக்கு முழுப் பொலிஸ் அதிகாரம் இல்லை, ஆனால் தெருவை நல்லாத் தெரியும்.

புது ஆக்கள் குழம்புற இடம் இதுதான்: லண்டனில பொலிஸ் ஒண்டு இல்லை. பேங்க், செயின்ட் போல்ஸ் இருக்கிற அந்த ஒரு சதுர மைல் சிற்றிக்குத் தனிப் பொலிஸ், 1839ல இருந்து தனி, தொப்பியில சிவப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும், மெற்றுக்குக் கறுப்பு வெள்ளை. ரெயினுக்குள்ள, ரியூப்புக்குள்ள நடந்தால் அது பிரிட்டிஷ் ட்ரான்ஸ்போர்ட் பொலிஸ், 61016க்கு மெசேஜ் போடலாம். உங்களுக்கு நடந்தது றோட்டில, அதால மெற்தான்.

எல்லாம் நல்லவை எண்டு நான் சொல்ல மாட்டன் தம்பி. 1993ல எல்தம் பஸ் ஸ்டொப்பில ஸ்டீபன் லோரன்ஸ் எண்ட கறுப்பினப் பெடியனை நிறவெறியர் குத்திக் கொலை செய்தவை, விசாரணையை மெற் பிழையாச் செய்தது, தாயும் தகப்பனும் விடாமல் போராடி, 1999ல மக்ஃபர்சன் எண்ட நீதிபதியின்ர விசாரணை அறிக்கை மெற்றில நிறுவனமாவே இனவாதம் இருக்கு எண்டு எழுதினது, கொலைகாரர் ரெண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆச்சு. 2023ல மெற்றைப் பற்றி வந்த கேசி அறிக்கையும் அதையே திருப்பிச் சொன்னது. அதால உங்கட உரிமை என்ன எண்டு தெரிஞ்சு வையுங்கோ. மறிச்சுச் சோதிச்சால் அவை தங்கட பேர் அல்லது நம்பர், எந்த ஸ்டேசன், என்ன தேடுகினம், ஏன் எண்டு சொல்ல வேணும், எழுதின பதிவின்ர கொப்பி கேக்கலாம். சாதாரண உடுப்பில வந்தால் வாரண்ட் கார்ட் எண்ட பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கோ. பிடிச்சுக்கொண்டு போனால் சொலிசிட்டர் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம், எங்கட ஆக்கள் வெக்கத்தில ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வாறது பெரிய பிழை.

உயிராபத்து, இல்லாட்டி கள்ளன் இப்ப கண்ணுக்கு முன்னால நிக்கிறான் எண்டால் 999. உங்கட விசயம் முடிஞ்ச களவு, 101 அல்லது ஒன்லைன். போன் வந்த பெட்டியைத் தேடுங்கோ, அதில ஐஎம்இஐ எண்டு அந்தப் போனுக்கே உரிய தனி நம்பர் இருக்கும், அதைக் குடுத்தால்தான் போன் எங்கயாவது அகப்பட்டால் உங்கட எண்டு தெரியும். சிம்மையும் பாங்க் அப்பையும் இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்கோ, அது பொலிசுக்கும் முதல். ரெஃபரன்ஸ் நம்பர் வந்தோடன ஒரு வரி எழுதுங்கோ, இங்கிலீஷில முறைப்பாடு எழுதக் கஷ்டம் எண்டால் நான் பாத்துத் திருத்தித் தாறன்.