மடக்கை படித்து என்ன பயன்? சேலத்து "ரெண்டு வட்டி"யிலிருந்து ஒரு பதில்

கேள்வி: பிளஸ் ஒன்னில் அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை (லாகரிதம்) என்று படிக்கிறோம். பரீட்சை முடிந்த பிறகு இதெல்லாம் வாழ்க்கையில் எங்காவது உதவுமா? புரிந்து படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

உதவும். முதலில் உதவும் இடம் கடன் பத்திரம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் சேலத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் தறி இருக்கும், கொலுசுப் பட்டறை இருக்கும், இல்லையென்றால் ஒரு சின்னக் கடை. தொழிலுக்கு வெளியில்தான் பணம் புரட்டுவார்கள். "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 2,000. மாதாமாதம் கட்டி வந்தால் அசல் அப்படியே நிற்கும். கட்டிய வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தொட 50 மாதம் ஆகும்.

கட்ட முடியாமல் போகும்போதுதான் கணக்கின் குணமே மாறுகிறது. நின்றுபோன வட்டியை அசலோடு சேர்த்துப் புது ப்ரோ நோட்டு எழுதி வாங்குவார்கள். இப்போது வட்டி 1,02,000-க்கு. அடுத்த மாதமும் கட்டவில்லை என்றால் 1,04,040-க்கு. கூடுதலாக வந்தது 40 ரூபாய்தானே என்று தோன்றும். அந்த 40 ரூபாயைத்தான் நான் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவேன். ஒவ்வொரு மாதமும் கடன் முந்தைய மாதத்தைப்போல 1.02 மடங்கு ஆகிறது. எத்தனை மாதமோ, 1.02-ஐ அத்தனை தடவை பெருக்க வேண்டும். மாதம் என்ற மாறி அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுக்குக்குறிச் சார்பு என்பது இதுதான்: எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஏற்ற வேகத்தில் கூடுவது, அல்லது குறைவது.

35 மாதத்தில் கடன் இரண்டு லட்சம். 70 மாதத்தில் நான்கு. 105 மாதத்தில், அதாவது ஒன்பது வருடம்கூட முடியாமல், எட்டு லட்சம். வட்டிக்கு வட்டி இல்லாமல் இருந்திருந்தால் அதே 105 மாதத்துக்கு அசலும் வட்டியும் சேர்த்து 3,10,000-தான். ஆரம்பத்தில் இரண்டு கணக்கும் ஒட்டியே போகும், வித்தியாசமே தெரியாது. அதனால்தான் நல்ல படிப்பு படித்தவர்கள்கூட இதில் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் எப்போது இரட்டிக்கும் என்று நமக்கே தெரிய வேண்டும் இல்லையா?

அந்த "எப்போது?" என்ற கேள்விக்குப் பதில்தான் மடக்கை. 1.02-ஐ எத்தனை தடவை பெருக்கினால் 2 வரும்? போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் பெரும்பாலும் 'லாக்' பொத்தான் வந்துவிடும். 2-இன் மடக்கையை 1.02-இன் மடக்கையால் வகுத்தால் 35. மூன்று வட்டி என்றால் 1.03, விடை 23 மாதம் சொச்சம். ஐந்து வட்டி என்றால் 14 மாதம் தாண்டியதும் இரட்டிப்பு. போன் கையில் இல்லையா, 72-ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள்: 36, 24, 14.4 என்று உண்மைக்குப் பக்கத்திலேயே வரும். பேங்கில் வருடத்துக்கு 7 சதவீதம் என்று போடும் டெபாசிட்டுக்கும் இதே வழிதான், ஏறக்குறைய பத்து வருடம்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வட்டியைச் சேர்க்காமல் நாளுக்கு நாள், நொடிக்கு நொடி சேர்த்துக்கொண்டே போனால் கடன் எல்லையில்லாமல் ஏறிவிடுமா? சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி 1683-இல் யோசித்ததும் இதே கேள்விதான். ஒரு ரூபாய், வருடத்துக்கு நூறு சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்தால் 2.25. மாதாமாதம் என்றால் 2.61. தினமும் என்றால் 2.71. அதற்கு மேல் எவ்வளவு நுணுக்கினாலும் 2.71828-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். புத்தகத்தில் 'ஈ' என்று வரும் எண் இதுதான். எங்கிருந்தோ வந்து குதித்த எண் மாதிரி அதை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். வட்டிக் கணக்கில் பிறந்தது அது.

கடன் கூடும் கதை. குறையும் கதைக்கு ஏற்காடு போகலாம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் குறைந்ததால் உள்ளே இருக்கும் காற்று தள்ளுகிறது. ஓர் இடத்தின் அழுத்தம் அதற்கு மேலே இருக்கும் காற்றின் எடை. மேலே ஏற ஏறக் காற்றும் லேசாகிறது, அதனால் அழுத்தம் குறையும் வேகமும் குறைந்துகொண்டே போகிறது. ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் ஏறினால் பாதி, இன்னோர் ஐந்தரை ஏறினால் கால். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். பொதுவான கணக்குப்படி கீழே 980 மில்லிபார், மேலே 845. இரண்டையும் வகுத்து இயல் மடக்கை, அதாவது 'ஈ'-யை அடியாகக் கொண்ட மடக்கை, எடுத்தால் 0.148. இந்த உயரங்களில் அழுத்தம் 'ஈ'-இல் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய 8.4 கிலோமீட்டர் ஏற வேண்டும்; 0.148-ஐ அதால் பெருக்கினால் 1.24 கிலோமீட்டர் வரும், உயர வித்தியாசத்தோடு பொருந்துகிறது. வெயில் மழைக்குத் தகுந்தபடி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் அளவுநாடா இல்லாமல், அழுத்தத்தை மட்டும் வைத்து மலை உயரத்தைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

மேலே போய் ஒரு காபி குடிக்கிறீர்கள். அதிலிருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்தால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதி, விடியற்காலை இரண்டுக்குக் கால் பங்கு இன்னும் இருக்கும். ஒரு மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இன்னொன்றை நாளுக்கு ஒரு தடவை என்று டாக்டர் எழுதுவதில் இந்த அரைவாழ்வுக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இதே பாதி பாதியாகக் குறைவதை வைத்துத்தான் பழம்பொருளின் வயதையும் சொல்கிறார்கள். கரிமம்-14 என்பது தானாகச் சிதையும் ஒரு வகைக் கார்பன், அது பாதியாக 5,730 வருடம் ஆகும். நம் மாவட்டத்தில் மேட்டூர் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருள் கி.மு. 1500-ஐ ஒட்டிய காலத்தது என்று அப்படித்தான் கணித்தார்கள். 3,500 வருடத்தில் கரிமம்-14 ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கியிருக்கும். மிச்சம் எவ்வளவு என்று ஆய்வகம் அளந்து சொல்லும். எத்தனை வருடம் என்று சொல்வது மடக்கை.

அப்புறம் மடக்கை அளவுகோல்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அதே மாதிரி பத்து வைத்தால் பத்து டெசிபல்தான் கூடும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பத்துதானே குறைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காக வேண்டும் என்று அர்த்தம். ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடுபவர்கள் வைத்திருக்கும் மண் பரிசோதனை அட்டையில் வரும் பிஎச் அளவும், நிலநடுக்க ரிக்டரும் இதே ரகம்: பிஎச் ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகும், ரிக்டரில் ஒரு எண் கூடினால் அதிர்வின் வீச்சு பத்து மடங்காகும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கத்தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் 10-க்கு 1. 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771, 7-க்கு 0.8451, இந்த மூன்றை மட்டும் மனதில் வையுங்கள். 6 வேண்டுமா, முதல் இரண்டையும் கூட்டுங்கள். 5 வேண்டுமா, அது 10-ஐ 2-ஆல் வகுத்தது, 1-இலிருந்து 0.3010-ஐக் கழியுங்கள். 8, 9, 14 எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும். இப்போது 2-ஐ நூறு தடவை பெருக்கினால் வரும் எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கும் என்று பேனா எடுக்காமல் கண்டுபிடியுங்கள். 0.3010-ஐ நூறால் பெருக்கினால் 30.10, அதாவது 10-ஐ 30 தடவை பெருக்கியதைவிடக் கொஞ்சம் பெரிய எண், ஆகவே 31 இலக்கம். அடுத்து 3-ஐ நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், விடையைக் கருத்தில் எழுதுங்கள்.