கண்ணில் நூல் போல நெளிகிறது: பயப்படலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரருக்குப் பத்து நாளாக வலது கண் சிவப்பு. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தில் கொஞ்சம் குறைந்தது. நேற்று வெள்ளை விழியில் நூல் மாதிரி ஒன்று நெளிந்தது, இன்று காணோம். மூளைக்கு ஏறிவிடும் என்கிறார்கள். வீட்டில் நாய் இருக்கிறது. எல்லோரும் பூச்சி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: மூளைக்கு ஏறாது அம்மா. நீங்கள் சொல்வது பெரும்பாலும் டைரோஃபைலேரியா என்ற நாய்ப் புழுவாக இருக்கும். நாயைக் கடித்த கொசு மனிதரைக் கடிக்கும்போது இது உள்ளே வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கண் டாக்டர்களுக்கு இது பழகிய விஷயம். மனித உடம்பில் இது சாதாரணமாகக் குட்டி போட்டுப் பெருகாது. அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டவும் ஒட்டாது. நாயைத் துரத்த வேண்டாம், கால்நடை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வைத்தியம் சின்னதுதான். சொட்டு மருந்தால் மரத்துப்போக வைத்து, வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய தோலில் சிறு கீறல் போட்டு, இடுக்கியால் இழுத்து எடுத்துவிடுவார்கள். ஆனால் புழு கண்ணுக்குத் தெரியும்போதுதான் எடுக்க முடியும். நீங்கள் பஸ் பிடித்து ஊட்டி போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், கண் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார். மறுநாள் போனால் கோயம்புத்தூருக்கு ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். இரண்டு நாள் கூலி போச்சு, புழுவும் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மலையில் இருப்பவர்களுக்குக் கண் கிடையாதா என்று நானே கேட்டுச் சலித்துவிட்டேன். அதனால் மறுபடி தெரிந்ததும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீடியோவைப் பார்த்த டாக்டர் “ஒன்றுமில்லை, அலர்ஜி” என்று அனுப்பிவிட முடியாது.

அடுத்தது அந்தச் சொட்டு மருந்து. சீசாவில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு குறையும், புழு அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிப் பார்வை நரம்பைத் தின்றுவிடலாம், புரையும் வரலாம். சீட்டே இல்லாமல் இதை விற்கிற கடைக்காரரை யாரும் கேட்பதில்லை.

பஸ் ஸ்டாண்டில் “தெரிந்த ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்” என்று ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வார். அவருக்குக் கமிஷன் வரும், உங்கள் நகை அடகுக்குப் போகும். ஊர் ஊராக வந்து குழாயால் உறிஞ்சிக் கண்பூச்சி எடுக்கிறவர்கள் காட்டும் புழுவும் உங்கள் கண்ணில் இருந்தது அல்ல, அவர்களே கொண்டுவந்தது.

பூச்சி மாத்திரைக்கு வருகிறேன். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தரும் ஒற்றை அல்பெண்டசோலைத் தடுக்காதீர்கள், அது குடல்புழுவுக்கு. ஆனால் கண்ணில் புழு என்று சந்தேகம் இருக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. காரணம், பன்றி நாடாப்புழுவின் குஞ்சு என்று இன்னொன்று இருக்கிறது. அது நூல் போல நெளியாது. கண்ணுக்கு உள்ளேயே சின்ன நீர்க்கொப்புளம் போல உட்கார்ந்திருக்கும், பார்வை மங்கும். மாத்திரையில் அது அங்கேயே செத்தால் கிளம்புகிற வீக்கத்தில் மிச்சப் பார்வையும் போய்விடலாம். “நாங்கள் பன்றிக்கறி தொடுவதில்லை” என்று சொல்லாதீர்கள். முட்டை வருவது மனித மலத்திலிருந்து. ஓடைத் தண்ணீரில் அலசிய கேரட்டைக் கடித்தவருக்கும் வரும். அதனால் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மாத்திரை.

புழுவை எடுத்தால் குப்பையில் போட விடாதீர்கள். சீசாவில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள். நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். மருந்து சீசா, செல்போனோடு மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள், எப்படியும் காக்க வைப்பார்கள்.