கில்ட்டுக்கு எந்தத் துணி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துணி, நெசவு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது கொஞ்சம் விசித்திரமான சந்தேகம். நான் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பல வருஷங்களாக இருக்கிறேன். மகளுக்கு வரும் செப்டம்பரில் திருமணம். மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கில்ட் (இந்த ஊர் ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை) அணிவார்கள். “நீங்களும் அணிந்தால் சந்தோஷப்படுவோம்” என்று சம்பந்தி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போனால் 16 அவுன்ஸ் கம்பளி, 8 கஜம் என்கிறார்கள். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். விலையும் அப்படித்தான். இணையத்தில் அக்ரிலிக் கில்ட் 45 பவுண்டுக்குக் கிடைக்கிறது. நண்பர் ஒருவர், “நம் உடம்புக்குக் கம்பளி அரிக்கும், ஆட்டம் பாட்டத்தில் வேர்த்துக் கொட்டும், 10 அவுன்ஸே போதும்” என்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் புத்தாண்டு, ஜனவரியில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் விருந்து என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அணிய வேண்டியிருக்கும். எது உழைக்கும்? எது உடம்புக்குச் சுகம்?

(பெயர் வேண்டாம்), அபர்டீன்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாழ்த்துகள். சம்பந்தி கேட்டதும் தயங்காமல் சரி என்றீர்களே, அதற்குத் தனியாக ஒரு வாழ்த்து.

அக்ரிலிக்கை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். எடின்பரோ ராயல் மைல் பக்கம் சுற்றுலாக் கடைகளில் தொங்குகிற மலிவான கில்ட்டுகளில் பல அந்தத் துணிதான். புகைப்படத்துக்குச் சரி. நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் பின்பக்க மடிப்புகள் வாய் பிளந்துவிடும், உரசுகிற இடமெல்லாம் துணி உருண்டை உருண்டையாகத் திரளும். இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் சூடாக வைத்தால் பளபளவென்று ஆகிவிடும். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நண்பர் சொன்ன 10 அவுன்ஸுக்கு வருகிறேன். அவுன்ஸ் என்பது இரட்டை அகலத் துணியில் (கில்ட்டின் உயரத்தைப் போல இரு மடங்கு அகலம்) ஒரு கஜத்தின் எடை. 10, 11 அவுன்ஸ் மெல்லிய ரகம், 13 நடுத்தரம், 16 கனமானது. ராணுவத்துக்கு அதைவிடக் கனமாகவும் நெய்திருக்கிறார்கள். கனம் குறைந்தால் சுகம் கூடும் என்று நினைப்பது இயல்புதான். சட்டைக்கு அது உண்மை. கில்ட்டுக்கு நேர் எதிர்.

கில்ட்டின் முன்பக்கம் இரண்டு தட்டையான பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அவற்றை ஏப்ரன் என்பார்கள். பின்பக்கம் முழுக்க மடிப்பு. அந்த மடிப்புகளை மேலே, இடுப்பிலிருந்து பிட்டம் வரைதான் தைக்கிறார்கள். அதற்குக் கீழே அவற்றைப் பிடித்து வைப்பது துணியின் எடை மட்டுமே. கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதும் கிடையாது. தறியில் விழுந்த கரையே விளிம்பு. மடித்துத் தைத்தால் ஒவ்வொரு மடிப்பும் அடியில் தடித்துவிடும். ஆக, துணியைக் கீழே இழுத்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. மெல்லிய துணி காற்றுக்குப் பறக்கும், காலைச் சுற்றி ஒட்டும், உட்கார்ந்தால் கசங்கும். வடகடல் காற்றடிக்கிற ஊரில் கல்யாண வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் பாவாடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்க வேண்டியிருக்கும். அதுவா சுகம்? கனமான துணி நடக்கும்போது ஆடும், நின்றால் தானே வந்து இடத்தில் விழும். அணிந்திருக்கிறோம் என்பதே சிறிது நேரத்தில் மறந்துபோகும்.

அரிப்பு. உங்கள் நண்பர் ஸ்வெட்டரை நினைத்துச் சொல்கிறார். கில்ட் துணி வொர்ஸ்டெட் நூலில் நெய்வது. கம்பளியைச் சீவி, குட்டை இழைகளை நீக்கி, நீளமானவற்றை ஒரே திசையில் படுக்கவைத்து முறுக்கிய நூல். வெளியே துருத்தும் இழை குறைவு, தொட்டால் வழவழப்பாக, இறுக்கமாக இருக்கும். மேல்பகுதிக்கு உள்ளே பருத்தி லைனிங் வேறு கொடுப்பார்கள், மேல்சட்டையையும் உள்ளே விட்டுக்கொள்வீர்கள். தோலில் நேராகப் படுவது தொடையிலும் முழங்காலுக்கு மேலும்தான். அங்கே துணி ஒட்டியிருக்காது, ஆடிக்கொண்டிருக்கும். ட்வீட் என்கிற முரட்டுக் கம்பளித் துணியில் தைத்த கில்ட் வேறு. அது மொசமொசவென்ற நூல், மடிப்பும் கூர்மையாக நிற்காது. பார்க்க அழகாக இருந்தாலும் முதல் கில்ட்டாக வாங்க வேண்டாம்.

வேர்வை பற்றி. விருந்துகளில் எல்லோரும் கூடி ஆடும் கேய்லி நடனத்தில் எல்லோருக்கும் வேர்க்கும், ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே போடுகிற கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் கம்பளிக் காலுறையும்தான். சாப்பாடு முடிந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. கீழே திறந்திருப்பதால் காற்றும் போய்வரும். சூடு தங்குகிற இடம் பின்னிடுப்பு. அங்கே மடிப்புகள் மூன்றடுக்காக இருக்கும்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதை ஒட்டித்தான். எடை குறைய வேண்டும் என்றால் அவுன்ஸில் கை வைக்காதீர்கள், கஜத்தைக் குறையுங்கள். 8 கஜக் கில்ட் என்பது இரட்டை அகலத் துணியில் 4 கஜத்தை நீளவாக்கில் பிளந்து இணைப்பது. 16 அவுன்ஸில் அது 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ. அதே துணியில் 5 கஜத்துக்குத் தைத்தால் சுமார் 1.1 கிலோதான். தொங்கும் அழகு குறையாது, பின்னிடுப்பில் மடிப்பு குறைவதால் சூடும் குறையும், விலையும் இறங்கும். இது புதுமையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தைத்த கில்ட்டுகள் பல ஏறக்குறைய 4 கஜத்தில், பெட்டி மடிப்பு வைத்தவைதான். 8 கஜம் பின்னால் வந்த ஆடம்பரம். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு தையல்காரரிடம் போங்கள்.

8 கஜம்தான் வேண்டும், குடும்பப் படத்தில் மற்றவர்களைப் போல இருக்க வேண்டும் என்றால் 13 அவுன்ஸ். ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஹைலண்ட் நடனமாடுகிறவர்கள் அந்தக் கனத்திலும் அதற்குக் குறைவாகவும் அணிகிறார்கள். பைப் (தோல்பை ஊதுகுழல்) வாசிக்கும் குழுக்களில் 16 சகஜம். மழையில் நின்று வாசிக்கிறவர்களுக்கு அது வேண்டும்.

பாலிவிஸ்கோஸ் என்று ஒன்றையும் காட்டுவார்கள். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. அக்ரிலிக்கோடு சேர்த்து அதைத் திட்டக்கூடாது. மெஷினில் துவைக்கலாம், அரிக்காது, மடிப்பையும் ஓரளவு காக்கும். கில்ட்டோடு மலையேறுகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல துணி. வருஷத்துக்கு மூன்று விருந்துக்கு அணியப்போகிற உங்களுக்கு அது தேவையில்லை.

உழைப்பு என்று கேட்டீர்கள். 16 அவுன்ஸ் கம்பளியை அப்பா அணிந்து மகனுக்குக் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. பக்கிள்களை நகர்த்தி இடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட துணியையும் கெடுக்கிற விஷயங்கள் சில. கில்ட்டுக்கு முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் பையின் உலோகச் சங்கிலி இடுப்பெலும்புப் பக்கம் தேய்த்துத் தேய்த்து நூலை அறுக்கும். தோல் பட்டை வைத்ததை வாங்குங்கள். கில்ட் ஊசியை மேல் ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும். காற்றுக்குப் பயந்து இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். பூச்சி மூன்றாவது. சாப்பாட்டுக் கறையும் வேர்வையும் படிந்த கம்பளி என்றால் அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கொண்டாட்டம்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் சறுக்குவதுண்டு. வேட்டியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிப் பழகியவர்கள் கில்ட்டையும் அங்கேதான் கட்டுவார்கள். அதன் இடம் தொப்புள் மட்டம். கீழே இறக்கினால் முழங்கால் நடுவில் நிற்க வேண்டிய விளிம்பு கெண்டைக்காலுக்குப் போய்விடும், எடையும் இடுப்பெலும்பில் உட்கார்ந்து வலிக்கும். பேன்ட் அளவைச் சொல்லாமல் நேரில் போய் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தைக்கச் சில வாரங்கள் ஆகும், இந்த மாதமே ஆர்டர் கொடுங்கள்.

டார்டன், அதாவது கில்ட் துணியின் கட்டம் போட்ட வடிவம், எதுவானாலும் உங்கள் விருப்பம். பல டார்டன்கள் ஸ்காட்லாந்துக் குலங்களின் பெயரில் இருக்கின்றன. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் போல ஒன்றிரண்டைத் தவிர எதற்கும் தடை இல்லை. குலப்பெயர் இல்லையே என்று கூச்சமாக இருந்தால் பிளாக் வாட்ச் எடுங்கள். பச்சையும் நீலமும், எல்லோரும் அணிகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே டார்டன் 16 அவுன்ஸில் நூல் தடிப்பதால் கட்டங்கள் பெரிதாக விழும். 10 அவுன்ஸ் மாதிரித் துண்டைப் பார்த்துவிட்டு 16இல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

விருந்தில் குழம்பு சிந்தினால் தண்ணீரைக் கொட்டித் தேய்க்க வேண்டாம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, வீட்டுக்கு வந்ததும் இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒரு இரவு தொங்கவிடுங்கள். மடிப்புகள் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் மடிப்புகளை நீள நீளத் தையலாக நூலோட்டி நிறுத்தி, ஈரத்துணி விரித்து மேலே இஸ்திரி போடச் சொல்லுங்கள். துவைக்க மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்