நெப்ராஸ்காவின் கொள்ளுத்தாத்தா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆவணக்காப்பகங்களைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் வசிக்கிறேன். என் கணவர் நெப்ராஸ்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா 1870களில் ஸ்வீடனிலிருந்து வந்து, பிளாட் ஆற்றுக்குத் தெற்கே பெல்ப்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) நிலம் பெற்றுக் குடியேறியவராம். அந்தப் பகுதிக்கு முதன்முதலில் வந்தவரே அவர்தான் என்றும், எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவர் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றும், அன்று அது ஆளே இல்லாத வெற்று நிலம் என்றும் மாமியார் சொல்வார். என் மகளுக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதும் வேலை வந்தபோது, கட்டணம் செலுத்தி ஓர் இணையதளத்தில் தேடினேன். அதே பெயரில் ஆறு பேர் அகப்பட்டார்கள். யார் யாரோ வரைந்த நான்கு குடும்ப மரங்கள் கிடைத்தன. நான்கிலும் பிறந்த ஆண்டு வெவ்வேறு. 1880க்கும் 1900க்கும் நடுவே எதுவுமே இல்லை. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ம., ஒமாஹா

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் பெயரைக் கொண்டு தேடியிருக்கிறீர்கள். சிக்கலுக்குக் காரணம் அதுதான். நம்மூர்க் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய் முருகேசன் நிலம் எது என்று கேட்டால் எந்த முருகேசன் என்று திருப்பிக் கேட்பார்கள். புல எண்ணைச் சொன்னால் பதிவேட்டைத் திறப்பார்கள். ஸ்வீடர்கள் கூட்டமாகக் குடியேறிய ஒரு கவுண்டியில் யோஹான்சன், ஆண்டர்சன் என்ற பெயர்களின் நிலையும் அதுவே. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த சொல் அவருடைய பெயரன்று, பெல்ப்ஸ் கவுண்டி என்ற இடப்பெயர்தான்.

எல்லிஸ் தீவுக் கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுப்பிய அந்த நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1ஆம் தேதி. 1870களில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டன் வழியாக வந்தவர்கள். தவிர, இறங்குதுறை அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. ஸ்வீடனின் நாட்டுப்புறங்களில் அன்று பரம்பரைக் குடும்பப்பெயர் என்பதே அரிது. யோஹானின் மகன் ஆண்டர்ஸ் என்றால் ஆண்டர்ஸ் யோஹான்சன். அவருடைய மகன் கார்ல் என்றால் கார்ல் ஆண்டர்சன். அமெரிக்காவுக்கு வந்தபின் ஏதாவது ஒரு பெயரில் நிலைத்து நின்றாக வேண்டியிருந்ததால், ஒருவர் தந்தையின் பெயரைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டார்; உடன்பிறந்த சகோதரர்களே இரண்டு குடும்பப்பெயர்களோடு வாழ்ந்ததுண்டு. ஆகவே பெயரை மாற்றியது அதிகாரியல்லர், பெரும்பாலும் அவரேதான்.

இனி நிலத்துக்கு வருவோம். ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20ஆம் தேதி கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பிய அல்லது குடும்பத் தலைவராக இருக்கும் ஒருவர் ஏறத்தாழ 18 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் வரை கேட்டுப் பதிவு செய்யலாம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து, உழுது பயிரிட்டு, அதை நிரூபித்தால் நிலம் அவருக்குச் சொந்தம். வெளிநாட்டினராயின் பதிவின்போது குடியுரிமை பெறும் விருப்பத்தையாவது அறிவித்திருக்க வேண்டும். இறுதி நிரூபணத்தின்போது குடிமகனாகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை நமக்குப் பெரிய உதவி, ஏனென்றால் எந்த நீதிமன்றத்தில் எப்போது குடியுரிமை பெற்றார் என்பதற்கான நகல் அந்த நிலக் கோப்பிலேயே இருக்கும். 1906க்கு முன் ஏறக்குறைய எந்த நீதிமன்றமும் குடியுரிமை வழங்கலாம் என்ற நிலையில், அதைத் தனியே தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும்.

அங்கே நில அளவை முறை சதுரங்கப் பலகைபோல எளிது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கும் எண், ஏர் உழுது திரும்புவதுபோல் ஒரு வரிசையில் மேற்கே போய் அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். டவுன்ஷிப் எண் வடக்கு-தெற்கிலும், ரேஞ்ச் எண் முதன்மைத் தீர்க்கரேகை என்ற அடிக்கோட்டிலிருந்து கிழக்கு-மேற்கிலும் இடத்தைச் சொல்லும். "14ஆம் செக்ஷனின் வடகிழக்குக் கால்பகுதி, டவுன்ஷிப் 6 வடக்கு, ரேஞ்ச் 18 மேற்கு, ஆறாம் முதன்மைத் தீர்க்கரேகை" என்று ஒரு பழைய பத்திரத்தில் இருந்தால், பெல்ப்ஸ் கவுண்டிக்குள் 160 ஏக்கர் கொண்ட ஒரே ஒரு துண்டின் மேல் நீங்கள் விரலை வைத்துவிடலாம். உங்கள் மாமியார் வீட்டில் பழைய வரி ரசீதோ அடமானப் பத்திரமோ இருந்தால் அதில் இந்த வரி இருக்கும். இல்லையென்றால் கவுண்டித் தலைநகரான ஹோல்ட்ரெஜில் உள்ள பத்திரப் பதிவு அலுவலகத்தில், குடும்பம் நிலத்தை விற்ற நாளிலிருந்து பின்னோக்கி வரலாம்.

செக்ஷன் எண் கிடைத்ததும் அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்வி உங்களுக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தும். இரயில் பாதை அமைத்த நிறுவனங்களுக்கு அரசு பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை செக்ஷன்களை மானியமாகக் கொடுத்தது. இரட்டைப்படையே ஹோம்ஸ்டெட்டுக்கு எஞ்சியது, அவற்றிலும் 16, 36 இரண்டும் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கப்பட்டன. எனவே மானிய எல்லைக்குள் கொள்ளுத்தாத்தாவின் நிலம் ஒற்றைப்படையில் இருந்தால், அவர் நிலத்தை இலவசமாகப் பெற்றவரல்லர், இரயில் நிறுவனத்திடம் தவணையில் வாங்கியவர் என்று கொள்ளலாம். அப்போது ஹோம்ஸ்டெட் கோப்பைத் தேடிப் பயனில்லை. கவுண்டியில் பதிவான கிரயப் பத்திரத்தைத்தான் தேட வேண்டும்.

இரட்டைப்படையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில், அரசு வழங்கிய முதல் உரிமைப் பத்திரமான பேட்டன்டை இலவசமாகப் பார்க்கலாம். பலர் அந்த ஒற்றைத் தாளை அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியதோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான சரக்கு அதன் பின்னால் இருக்கும் கோப்பில்தான் உள்ளது. அது தேசிய ஆவணக்காப்பகத்துக்கு உரியது. நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் எண்மமாக்கப்பட்டுவிட்டன. முதல் ஹோம்ஸ்டெட் நிலம் என்று சொல்லப்படும் டேனியல் ஃப்ரீமனின் நிலத்தில், பியட்ரிஸ் ஊருக்கு அருகே, இச்சட்டத்துக்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. மகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள்.

நண்பர் ஒருவருக்காக அத்தகைய கோப்பொன்றை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். அச்சிட்ட கேள்விகள், கையால் எழுதிய பதில்கள். வீடு எப்போது கட்டினீர்? வசந்தத்தில், புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளால் ஆன வீடு, 14க்கு 20 அடி, ஒரு கதவு, இரண்டு சன்னல். குடும்பத்தில் யார் யார்? மனைவி, நான்கு குழந்தைகள். நிலத்தைவிட்டு எப்போதாவது விலகியிருந்தீரா? இரண்டு குளிர்காலங்களில் கூலி வேலைக்குப் போனேன், மனைவியும் குழந்தைகளும் இங்கேயே இருந்தார்கள். எத்தனை ஏக்கர் உழுதீர், எத்தனை பருவம் விளைந்தது, கிணறு உண்டா, தொழுவம் உண்டா என்று கேள்விகள் நீள்கின்றன. கடைசியில் கையெழுத்து, எழுதத் தெரியாதவராயின் ஒரு பெருக்கல் குறி, அதன் இருபுறமும் எழுத்தர் எழுதிய பெயர். அந்த மனிதர் குளிர்காலத்தில் கூலிக்குப் போனதை அவருடைய வழித்தோன்றல்கள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சொந்த நிலத்தை உழுது வாழ்ந்தார் என்பதே குடும்பக் கதை.

அதே கோப்பில் சாட்சிகளின் வாக்குமூலங்களும் இருக்கும். உரிமை கோருபவர் நான்கு அண்டை அயலாரின் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பாக வெளியிட்டு, அவர்களுள் இருவரை அழைத்துவந்து சத்தியம் செய்து சொல்லவைக்க வேண்டும். என் கருத்தில் முன்னோரைத் தேடுகிறவர் அந்த நான்கு பெயர்களையும் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு இணையாகவே மதிக்க வேண்டும். யாருமறியாத சமவெளியில் ஒருவனுக்காகச் சாட்சி சொல்ல வருபவன் பெரும்பாலும் மைத்துனனாகவோ, ஒரே கப்பலில் வந்தவனாகவோ, ஸ்வீடனில் அடுத்த வீட்டுக்காரனாகவோ இருப்பான். ஒரே பெயருடைய ஆறு பேரில் உங்களுடையவர் யார் என்பதை அவருடைய பெயர் காட்டாது, அவரைச் சுற்றி நின்றவர்களின் பெயர்கள் காட்டிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை மூன்று மாதம் தவறான மனிதரின் பின்னால் அலைந்திருக்கிறேன். பெயரும் வயதும் பொருந்தின, மனைவி பெயர் மட்டும் இடித்தது, அதை எழுத்தரின் பிழை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேட்டன்ட் அவர் பெயரில் அகப்படவில்லையென்றால் கைவிட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டு முடியும் முன் கணவர் இறந்தால் மனைவி குடியிருப்பைத் தொடர்ந்து தம் பெயரிலேயே உரிமை பெறலாம். அதனால் கொள்ளுப்பாட்டியின் பெயரிலும் தேடுங்கள். 1874இன் வெட்டுக்கிளிப் படையெடுப்பையும் வறட்சியையும் தாங்காமல் பாதியில் விட்டுப்போனவர்களும் ஏராளம். அவர்களுக்கு பேட்டன்ட் இராது, ஆனால் டவுன்ஷிப் வாரியான நிலப் பதிவேட்டில், ரத்தான விண்ணப்பங்கள் உட்பட, ஒவ்வொரு துண்டுக்கும் யார் எந்தத் தேதியில் கேட்டார் என்ற வரிசை இருக்கிறது. "முதன்முதலில் வந்தவர்" என்ற மாமியாரின் கூற்றையும் அந்தப் பதிவேட்டில்தான் சோதிக்க வேண்டும். பக்கத்து செக்ஷன்களில் முந்தைய தேதிகளைக் கண்டால் அதிர்ச்சியடையாதீர்கள். நான் பார்த்தவரையில் முதல் குடியேறியின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளாத குடும்பம் அங்கே குறைவு.

1880க்கும் 1900க்கும் இடையிலான வெற்றிடம் உங்கள் தவறன்று. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பற்றிய தீயிலும், அதை அணைக்க ஊற்றிய நீரிலும் பெரும்பாலும் பாழாயின. மிஞ்சியவற்றையும் பின்னர் அழித்துவிட்டார்கள். 6 கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 6,000 பேரின் பதிவே தப்பியது. ஆனால் நெப்ராஸ்காவில் 1885இல் மத்திய அரசின் உதவியோடு தனிக் கணக்கெடுப்பு நடந்தது, அது இருக்கிறது. கூடவே வேளாண்மைப் பட்டியலும் உண்டு. பிறகு 1900ஆம் ஆண்டுத் தாளைப் பாருங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, அமெரிக்கா வந்தது எப்போது என்பனவெல்லாம் அதில் கேட்கப்பட்டன. பெண்களுக்கு மட்டும் அடுத்தடுத்து இரண்டு சிறிய கட்டங்கள்: பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை. அந்த இரண்டு எண்களும் வேறாக இருந்தால், அவற்றின் வித்தியாசமே நீங்கள் தேட வேண்டிய கல்லறைகளின் எண்ணிக்கை. நெப்ராஸ்காவில் மாநில அளவிலான பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1904இல்தான் என்பதால், அந்தக் குழந்தைகளின் பெயர்கள் லூத்தரன் தேவாலயப் பதிவேட்டில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

ஸ்வீடனுக்குத் தாவுவதில் அவசரப்பட வேண்டாம். அங்குள்ள திருச்சபைப் பதிவேடுகள் உலகிலேயே சிறந்தவற்றுள் சேரும். போதகர் வீடு வீடாகப் போய் வேத அறிவைச் சோதித்து எழுதிய புத்தகங்களில், குடும்பத்தில் ஒவ்வொருவரும் பிறந்த தேதியும், ஊரைவிட்டுப் போன நாளும் இருக்கும். ஸ்வீடன் தேசிய ஆவணக்காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆனால் அவை திருச்சபை வட்டாரம் வாரியாக அடுக்கப்பட்டவை. வட்டாரத்தின் பெயர் தெரியாமல் உள்ளே நுழைய முடியாது. அந்தப் பெயரை நெப்ராஸ்காவின் தேவாலயப் பதிவேட்டிலோ, ஸ்வீடிஷ் மொழியில் வெளியான இரங்கல் குறிப்பிலோ, சாட்சி சொன்ன அண்டைவீட்டாரின் பதிவிலோ கண்டெடுத்த பிறகே கடலைக் கடக்க வேண்டும்.

வெற்று நிலம் என்ற சொல்லை மகள் தன் கட்டுரையில் எழுதாமலிருக்கட்டும். பிளாட் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள அந்த நிலத்தை பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள்; அதன் பிறகும் காட்டெருமை வேட்டைக்கு அந்தச் சமவெளிகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1870களின் நடுவில் அவர்கள் நெப்ராஸ்காவைவிட்டே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வந்து இறங்கியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். செக்ஷன் எண்ணுக்கு முன்னால் எழுத வேண்டிய வரி அந்த உடன்படிக்கை. உங்கள் மாமியாருக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் அவருடைய முன்னோர் ஐந்தாண்டு பட்ட பாடு இதனால் பொய்யாகிவிடாது.

இணையத்தில் கண்ட அந்த நான்கு குடும்ப மரங்களையும் இப்போதைக்கு மூடிவையுங்கள்; அவற்றில் ஆதாரம் காட்டப்பட்டிருக்கும் தகவலை மட்டும் பின்னொரு நாளில் சரிபார்க்கலாம். ஆவணம் எதையும் காட்டுவதற்கு முன் மாமியார் சொல்வதையெல்லாம் அவர் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் தாளைப் பார்த்த பிறகு நினைவு தாளோடு கலந்துவிடும். பிறகு ஹோல்ட்ரெஜுக்குப் போய்ச் செக்ஷன் எண்ணை எடுங்கள். கோப்பு கைக்கு வந்ததும் சாட்சிகள் இருவரின் பெயர்களையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்