சாண்டோரினித் தரைக்கொடி கம்பத்துக்குச் சரிப்படுமா?

கேள்வி: தேனி மாவட்டம் கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். போன ஆடிக் காற்றில் பந்தலில் பாதி சாய்ந்துவிட்டது. கிரீஸ் நாட்டுச் சாண்டோரினித் தீவில் பந்தலும் இல்லாமல் தண்ணீரும் பாய்ச்சாமல், கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி சுற்றிவிட்டு வெள்ளை ஒயினுக்குத் திராட்சை எடுப்பதை வீடியோவில் பார்த்தேன். நானும் அப்படி மாறலாமா?

பதில்: வேண்டாம் அண்ணா, பந்தலைப் பிரித்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அது அந்த மண்ணும் வானமும் இருந்தால் மட்டுமே நடக்கிற காரியம்.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துக் கொட்டிய சாம்பலும் நுரைக்கல்லும்தான் அங்கே மண். களி கிடையாது, மட்கும் ஏறக்குறைய கிடையாது. மழை ஆண்டுக்கு 300 முதல் 400 மி.மீ. வரை, அதுவும் குளிர்காலத்தில் பெய்துவிட்டுப் போய்விடும். அப்புறம் கோடை முழுக்கக் கடலிலிருந்து ராத்திரியில் ஏறிவரும் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ள, அதை நம்பித்தான் கொடி நிற்கிறது. கூடைக்குள் குலை தொங்குவதால் கடற்காற்றும் சுடுவெயிலும் பிஞ்சைத் தொடுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தோட்டங்களை அழித்த பிலாக்சரா என்கிற வேர்ப்பூச்சியால் களியில்லாத அந்த மண்ணில் பிழைக்க முடியாது, அதனால் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே கொடி நிற்கிறது. கொடி கிழடானால் தரையோடு வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து புதுத்தளிர் எடுக்கிறார்கள்.

எரிமலைச் சாம்பல் என்றதும் நம் அடுப்புச் சாம்பலைப் போலப் பொட்டாஷ் நிறைந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த மண்ணில் பொட்டாஷ் மிகக் குறைவு, அந்த ஒயினின் ருசியே பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்பேன். பொட்டாஷ் கூடினால் அது பழச்சாற்றின் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து புளிப்பைக் குறைத்துவிடும். அங்கே அது பெரிதாக நடப்பதில்லை. அசிர்டிகோ என்ற அவர்கள் ரகமும் இயல்பிலேயே புளிப்பை விடாதது, அதனால் ஆகஸ்ட் வெயிலில் நன்றாகச் சர்க்கரை ஏறின பழத்திலும் புளிப்பு கூர்மையாகவே நிற்கிறது.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். கம்பத்தில் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குலையைத் தரைக்குக் கொண்டுவந்தால் இலையடியில் வெண்பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் ஒரே மழையில் முடித்துவிடும், எந்த மருந்தும் தாங்காது. அடுத்தது, அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். இங்கே தூக்கமே கிடையாது, கவாத்து செய்ததும் குச்சிகள் ஓட ஆரம்பித்துவிடும், அந்த வேகத்தை எந்தக் கூடையிலும் சுற்றி அடக்க முடியாது. வருமானத்தையும் பாருங்கள். அங்கே ஏக்கருக்கு ஒரு டன் அளவுதான் வரும், ஒயின் விலை அதை ஈடுகட்டுகிறது. பன்னீர் ரகத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் வரை என்பது நம் வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கடைக்குப் போகும் பழத்துக்கு இனிப்பு வேண்டும், அதனால் சாண்டோரினியைப் பார்த்துப் பொட்டாஷையும் குறைத்துவிடாதீர்கள். மண்ணையும் இலைக்காம்பையும் ஆய்வுக்குக் கொடுத்து அதன்படி போடுங்கள்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு, காற்றுக்கு முதலிலேயே வழி செய்துவிடுவது. ஓரக் கல்தூண்களுக்கு வெளிப்பக்கமாக இழுகம்பி கட்டி, அதன் முனையை நல்ல கனமான கல்லோடு ஆழமாகப் புதையுங்கள். சாய்ந்த பந்தல்களில் நான் பார்த்தவரை, ஓரத்தூண் அசைந்த பிறகுதான் நடுப்பகுதி போகிறது. மேற்கு எல்லையில் இரண்டு வரிசை சவுக்கு நடுங்கள், ஐப்பசி மழையில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். சவுக்குக்கும் முதல் திராட்சை வரிசைக்கும் நடுவே ஒரு பள்ளம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் வேர் வந்து உங்கள் சொட்டுநீரைக் குடித்துவிடும்.