பொத்தானை அமுக்குவதற்கு முன்னால்

கேள்வி: பள்ளி மாணவர்களை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவதில் நிஜமாகவே பயன் உண்டா, அல்லது ஒருநாள் சுற்றுலாதானா?

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முதல் தடவை கூட்டிப்போனது சுற்றுலாவேதான். ஒரு மணி நேரத்தில் மொத்தக் கூடத்தையும் முடித்தோம். பிள்ளைகள் கண்ணில்பட்ட பொத்தானை எல்லாம் அமுக்கிவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்காமலே அடுத்ததற்கு ஓடினார்கள். நான் வேறு பின்னாலேயே "கையைக் கட்டிக்கிட்டு வரிசையா வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்க்கத்தான் அந்த இடமே இருக்கிறது!

மறு வருடம் நான் மட்டும் ஒரு நாள் முன்னதாகப் போய் நான்கே நான்கு காட்சிப்பொருள்களைத் தேர்ந்தெடுத்து வந்தேன். ஐந்து பேருக்கு ஒரு குழு. விளக்கப் பலகையைப் படிக்கக் கூடாது. என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் தொட வேண்டும்.

அதில் ஒன்று இரட்டைக் கூம்பு, அதாவது அகன்ற பக்கங்கள் ஒட்டிய இரண்டு கூம்புகள். போகப்போக விலகி, கூடவே உயர்ந்தும் செல்லும் இரண்டு கம்பிகள். தாழ்ந்த முனையில் கூம்பை வைத்தால் தானாக மேட்டில் ஏறும். எல்லாரும் "கீழே உருளும்" என்றே எழுதியிருந்தார்கள். ஏறியதும் ஒரே கூச்சல். காந்தம் இருக்கிறது என்று ஒருவன் கம்பிக்கு அடியில் தடவிப் பார்த்தான். கடைசியில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "சார், இது ஏறல. நடுப்பகுதி கீழதான் இறங்குது" என்றாள். கம்பிகள் விலக விலகக் கூம்பின் மெல்லிய முனைகள்தான் அவற்றின் மேல் படுகின்றன. அதனால் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தாழ்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் சொல் அன்று அவர்கள் கண்ணெதிரே நகர்ந்தது.

இந்த மாதிரி இடங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம். 1969இல் அதை நிறுவிய ஃப்ராங்க் ஓப்பன்ஹைமர் இயற்பியலாளர் மட்டுமல்ல, கொலராடோவில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். வகுப்பறையில் நின்று பார்த்த ஆள் செய்த வேலை என்று எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

அப்புறம், திரும்பி வந்தபின், அங்கே பார்த்ததை வகுப்பில் செய்து பார்க்க ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் புனல்களை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டினோம். கம்பிகளுக்குப் பதில் மீட்டர் ஸ்கேல் இரண்டு. செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. முதலில் ஏறவே இல்லை. புத்தகங்களை அடுக்கி மேட்டை அதிகம் உயர்த்திவிட்டோம். ஒவ்வொரு புத்தகமாக உருவிக்கொண்டே வந்தார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.