போர்க்கால லண்டன், நாடகக் கொட்டகை நடத்தும் பாட்டி: அந்தப் படம் இதுதான்

போர்க்கால லண்டனில் ஒரு பாட்டி நாடகக் கொட்டகை நடத்தும் படம், பெயர் நினைவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது 'மிஸஸ் ஹெண்டர்சன் பிரசென்ட்ஸ்'. 2005-இல் வந்த பிரிட்டிஷ் படம், இயக்கம் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ். அந்தப் பாட்டி ஜூடி டெஞ்ச். அவரோடு ஓயாமல் மல்லுக்கட்டும் மேலாளர் பாப் ஹாஸ்கின்ஸ்.

'இரண்டாம் உலகப்போர்' என்று போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கதை 1930-களில், பாட்டியுடைய கணவரின் இறுதிச்சடங்கில் தொடங்குகிறது, குண்டுவீச்சு பின்பாதியில்தான். அதனால் போர்ப்படப் பட்டியல்களில் இது கண்ணில் படாமல் போயிருக்கலாம். பாட்டி நடத்தும் அந்த லண்டன் அரங்கின் பெயரை வைத்து, 'விண்ட்மில் தியேட்டர்' என்று தேடிப் பாருங்கள்.

உறுதிப்படுத்த ஒன்று: மேடையில் பெண்கள் ஆடையின்றி, சிலைபோல அசையாமல் நிற்கும் காட்சி நினைவிருக்கிறதா? அசைந்தால் தணிக்கை அதிகாரி அனுமதி தரமாட்டார்; நிஜ விண்ட்மில்லிலும் அப்போது அதுதான் விதி. அது இல்லாமல், இளம் நடனக்காரி ரீட்டா ஹேவொர்த் நாயகியாக வந்தால், அது 1945-இல் வந்த 'டுநைட் அண்ட் எவ்ரி நைட்'. அதற்கும் தூண்டுதல் இதே அரங்குதான்.

அம்மாவோடு பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள், சரி. ஆனால் அந்தக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் வரும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அப்புறம், போர்க்காலத்தில் 'நாங்கள் மூடவே இல்லை' என்ற விண்ட்மில்லின் பெருமையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1939 செப்டம்பரில் அரசு உத்தரவால் லண்டன் அரங்குகள் எல்லாமே சில நாட்கள் மூடிக் கிடந்தன. என்னைக் கேட்டால், டெஞ்சின் குறும்புப் பேச்சுக்காகவே பார்க்கலாம்.